கத்தியா? கர்த்தரா?



போன மாத இதழில் ஜெபக்குறிப்புகள் பகுதியில், ஏழாவது குறிப்பாக, "ஒரு சகோதரிக்கு வயிற்றில் நடக்கவிருக்கும் சிறு ஆபரேஷனுக்காக" என்று போட்டிருந்ததை வாசித்திருப்பீர்கள். அதை எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதற்கடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒரு சகோதரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சிஸ்டர், பித்தப்பைக் கல்லா?" என்று அன்பாய்க் கேட்டார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வாய் திறக்காமலே ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்று ஆவியானவர் உணர்த்தினார்.

எனக்குக் கல் இல்லை. எனக்கு நடக்கப்போவது உடல் எடையைக் குறைப்பதற்கான ஆபரேஷன். அது சிறு ஆபரேஷனும் அல்ல. இன்னும் ஒன்பது நாளில் நடக்க இருக்கிறது.

சாட்சி என்றால், எல்லாம் நல்லபடியாய் முடிந்த பிறகு எழுந்து நின்று சொல்வதுதான் நம் வழக்கம். நான் முடிவு தெரியாமலே எழுதுகிறேன். முடிவு தெரிந்தபின் எழுதினால், நான் பட்ட போராட்டத்தை எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேனோ என்ற பயம்தான் காரணம்.

என் நிலைமை

எனக்கு வயது 44. உயரம் 156 சென்டிமீட்டர். எடை 118 கிலோ. இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் மறைக்க என்ன இருக்கிறது? வாரந்தோறும் நீங்கள் பார்க்கிற சரீரம்தானே. நான் உட்காருவதற்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாய்ப் போட்டு வைக்கிற தம்பிக்குத் தெரியும். முழங்காலில் நின்று ஜெபித்து எட்டு வருஷம் ஆகிறது என்று என் பக்கத்தில் உட்காருகிற எல்லாருக்கும் தெரியும்.

2014-ல் சர்க்கரை வியாதி வந்தது. இப்போது காலையும் இரவும் இன்சுலின் ஊசி போடுகிறேன். 2023-ல், தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். அன்றுமுதல் ராத்திரியில் மூக்கில் காற்று மிஷினை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். என் தகப்பனாருக்கும் சர்க்கரைதான். 2003-ல் அவர் வலதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம்தான் இருந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. நடந்தேன். சோற்றை விட்டேன், சப்பாத்திக்கு மாறினேன். வெந்தயத் தண்ணீர், கொள்ளு ரசம், ஊரில் ஒருத்தர் கொடுத்த பொடி, எல்லாம் ஆயிற்று. ஒருமுறை 17 கிலோ குறைத்தேன். சபையிலே சாட்சிகூடச் சொன்னேன். ஒன்றரை வருஷத்தில் 21 கிலோ ஏறிவிட்டது. அதை யாரிடமும் சாட்சி சொல்லவில்லை.

உபவாசமும் இருந்தேன். 2018-ல் மூன்று நாள் உபவாச ஜெபத்தில், சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் துதி நேரத்தில் அப்படியே சாய்ந்துவிட்டேன். நான் ஆவியில் நிறைந்து விழுந்ததாய் நினைத்து அநேகர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒரு நர்ஸ் சகோதரி மட்டும் ஓடிவந்து, என் கையைத் தொட்டுப் பார்த்து, "இது லோ சுகர், சீக்கிரம் சீனித்தண்ணி கொண்டு வாங்க" என்றார்கள். இன்று சிரிப்பாய் இருக்கிறது. அன்று அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ!

டாக்டர் சொன்ன வார்த்தை

போன வருஷம் சர்க்கரை டாக்டர்தான் முதலில் இந்தப் பேச்சை எடுத்தார். "அம்மா, உங்க உடம்பு உங்களோட சண்டை போடுது" என்றார். எடை குறைய ஆரம்பித்தவுடனே, பஞ்சம் வந்துவிட்டது என்று சரீரம் நினைத்துக்கொள்ளுமாம். பசியைத் தூண்டுகிற சுரப்பு அதிகமாகுமாம், உள்ளே எரியும் சக்தி குறையுமாம். மனுஷன் பட்டினியில் செத்துப்போகாதபடி சிருஷ்டிகர் வைத்த காவல் அது. நம்மைப்போல் மூன்று வேளையும் கிடைக்கிற காலத்தில் அதே காவல் பாரமாகிவிடுகிறது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து பி.எம்.ஐ. என்று ஒரு கணக்குச் சொல்லுவார்கள். எனக்கு அது 48. இந்த ஆபரேஷனுக்கு 1991-ல் அமெரிக்காவில் வகுத்த அளவு 40. சர்க்கரைபோல் வேறு வியாதியும் இருந்தால் 35. 2022-ல் மருத்துவ சங்கங்கள் அதை 35 என்றும், சர்க்கரை இருந்தால் 30 என்றும் குறைத்திருக்கின்றன. ஆசிய ஜனங்களுக்கு 27.5-லேயே யோசிக்கலாம் என்கிறார்கள். எந்த அளவுகோலை வைத்தாலும் நான் உள்ளே இருந்தேன்.

ஊசியைப்பற்றியும் கேட்டேன். எடைக்கென்று வாரம் ஒருமுறை போடுகிற ஊசிகள் 2025-ல் நம் தேசத்திலும் விற்பனைக்கு வந்துவிட்டன. அவை நல்ல மருந்துதான், ஆனால் நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பங்கு திரும்பி வருகிறது, உங்கள் எடைக்கும் சர்க்கரைக்கும் ஆபரேஷனே அதிகப் பலன் தரும் என்றார் டாக்டர்.

இரண்டு விதமான ஆபரேஷனைப் படம் போட்டுக் காட்டினார்கள். ஒன்றில் இரைப்பையில் ஐந்தில் நாலு பங்கை வெட்டி எடுத்து, மீதியை வாழைப்பழம்போல் ஒரு குழாயாக்கி விடுவார்கள். இன்னொன்றில், மேலே முட்டை அளவு ஒரு சின்னப் பையைப் பிரித்து, குடலை வெட்டி அதோடு இணைத்து விடுவார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அதற்குள் போகாது. எனக்கு நெஞ்செரிச்சலும் சர்க்கரையும் இருப்பதால் இரண்டாவதுதான் ஏற்றது என்றார்கள். இது நேற்றுவந்த வித்தையும் அல்ல. 1966-ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து டாக்டர் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தது. அல்சருக்காக இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்தவர்களுக்கு எடை ஏறாமல் இருந்ததைக் கவனித்துதான் இதற்கு வழி கண்டார்கள்.

டாக்டரின் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது. என் மனசாட்சியின் கேள்விகளுக்குத்தான் பதில் இல்லை.

இது விசுவாசக் குறைவா?

முதல் கேள்வி இதுதான். மருந்தையே தொடாத விசுவாசிகள் நம் நாட்டில் உண்டு. அவர்கள் வைராக்கியத்தை நான் பரியாசம் பண்ணமாட்டேன். என் மாமியாரே அப்படிப்பட்ட விசுவாசத்தில் வளர்ந்தவர்கள். "கர்த்தர் கொறைக்க முடியாத எடையையா டாக்டர் கொறைச்சிருவாரு?" என்று கேட்டார்கள். "அத்தை, கர்த்தரால முடியும்" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

பாஸ்டர் ஐயாவிடம் போனோம். நானும் என் கணவரும் முக்கால் மணி நேரம் பேசினோம். ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சிஸ்டர், 2021-ல எனக்கு இருதயத்துல ஸ்டென்ட் வச்சாங்களே, அப்ப சபையில யாராவது விசுவாசக் குறைவுன்னு சொன்னாங்களா?" என்றார்.

"இல்லை ஐயா. நாங்க எல்லாரும் சங்கிலி ஜெபம் பண்ணினோம்."

"நான் என்ன சாப்பிட்டு எனக்கு அடைப்பு வந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா?"

நான் பேசாமல் இருந்தேன்.

"நானும் இருபது வருஷம் ஊழியப் பயணத்துல ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா சாப்பிட்டவன்தான். என்னைக் கேக்கல. உங்களைக் கேக்குறாங்க. அது ஏன்னு யோசிச்சுப் பாருங்க. நான் போங்கன்னும் சொல்லல, போகாதீங்கன்னும் சொல்லல. யோசிச்சுட்டு வாங்க, ஜெபிப்போம்."

யோசித்தேன். இருதய வியாதி உள்ளே இருக்கிறது, அதனால் அது வியாதி. என் வியாதி வெளியே தெரிகிறது, அதனால் அது குற்றம். நான்கூட அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வேதத்தையும் புரட்டினேன். எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவான வியாதியில் கிடந்தபோது, பிழைப்பான் என்ற வாக்கு தீர்க்கதரிசியின் வாயிலாக முதலிலே வந்துவிட்டது. பதினைந்து வருஷம் ஆயுசும் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள். வாக்கு வந்தபின் மருந்து எதற்கு என்று ஏசாயா கேட்கவில்லையே! பவுல் அப்போஸ்தலன் கையால் எத்தனையோ பேர் சுகமானார்கள். ஆனாலும் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அவர் ஆலோசனைதான் எழுதி அனுப்பினார். லூக்கா வைத்தியராய் இருந்தார்.

ஆசா ராஜாவின் காரியமும் என் கண்ணில் பட்டது. காலில் வியாதி வந்தபோது அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களையே தேடினான் என்று அவன்மேல் குற்றம் சொல்லப்பட்டிருக்கிறது. இதைப் பலமுறை வாசித்து ஜெபித்தேன். அவன் கர்த்தரை விட்டுவிட்டுப் போனதுதான் குற்றம் என்று விளங்கிக்கொண்டேன். அந்த எச்சரிப்பு எனக்கும் வேண்டியதுதான். ஆபரேஷன் தேதியை முதலில் குறித்துவிட்டு, அதற்கப்புறம் "ஆண்டவரே, ஆசீர்வதியும்" என்று கேட்கிற பழக்கம் என்னிடமும் இருந்தது. குறித்த தேதியை ஒருமுறை தள்ளிவைத்து ஜெபித்தோம்.

பெருந்தீனிக்குத் தப்பும் வழியா?

இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வாயைக் கட்டத் தெரியாதவள் வயிற்றை வெட்டிக்கொள்கிறாள் என்று ஒருத்தர் சொன்னதாய் என் காதில் விழுந்தது. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள், அதில் எவ்வளவு உண்மை என்று என்னையே நிதானித்துப் பார்த்தேன்.

பாதி உண்மை. பிள்ளைகள் தூங்கினபிறகு அடுக்களையில் லைட் போடாமல் முறுக்கு டப்பாவைத் திறந்தவள் நான். சத்துணவு ஆலோசகர் முந்தின நாள் என்ன சாப்பிட்டேன் என்று எழுதிவரச் சொன்னபோது, நாலு இட்லியை இரண்டு என்று எழுதினவள் நான். கோபம் வந்தாலும் சாப்பாடு, துக்கம் வந்தாலும் சாப்பாடு. கர்த்தரிடம் கொண்டுபோக வேண்டியதைக் குளிர்பெட்டியிடம் கொண்டுபோனேன். இதெல்லாம் மாம்சத்தின் இச்சைதான். இதற்கு நான் மனஸ்தாபப்பட்டேன், மன்னிப்பும் பெற்றேன்.

மறுபாதியும் உண்மை. என் கணவர் என்னைவிட அதிகம் சாப்பிடுகிறவர். அவர் 64 கிலோ. நாங்கள் அன்பின் விருந்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே பிரியாணியைத்தான் சாப்பிடுகிறோம். அவரைப் பெருந்தீனிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. பிறவி, வம்சம், சுரப்பு, மருந்து எல்லாம் சேர்ந்துதான் ஒரு சரீரம் கனக்கிறது. இன்சுலினே எடையைக் கூட்டும். இவற்றில் எது எவ்வளவு என்று டாக்டராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. மனுஷர் எப்படிப் பிரிப்பார்கள்?

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். பாவம் இருக்கிற இடத்துக்கு மனந்திரும்புதல், வியாதி இருக்கிற இடத்துக்கு வைத்தியம். இரண்டும் ஒரே சரீரத்தில் கலந்து கிடந்தால் இரண்டையும் செய்யவேண்டும். பாவக் கணக்கு முழுசாய்த் தீருமட்டும் வைத்தியத்துக்குப் போகக்கூடாது என்றால், குடித்துக் கல்லீரல் கெட்டவனையும், புகைத்து நுரையீரல் கெட்டவனையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தவேண்டியிருக்கும். அவர்களை நாம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கிறோம், கட்டில் பக்கத்தில் நின்று ஜெபிக்கிறோம்.

இதில் தப்பும் வழி என்று ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். இது சுளுவான வழி என்று நினைக்கிறவர்கள், அதற்கப்புறம் வருகிற வாழ்க்கையைக் கேளுங்கள். ஒரு வேளைக்குச் சில கரண்டிதான். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லவேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, அரைமணி நேரம் பொறுக்கவேண்டும். இனிப்பு அதிகம் சாப்பிட்டால் படபடத்து, வேர்த்து, வயிறு கலக்கிவிடும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் பி12, டி இவற்றை உயிருள்ளவரை எடுக்கவேண்டும். முழங்கால் வலிக்கு நான் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த வலிமாத்திரைகளை இனித் தொடவே கூடாது, புண் வந்துவிடும். இவ்வளவும் செய்தும் நான் ஒல்லியாகப் போவதில்லை. எடையில் நாலில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ குறையலாம், சரியாய் நடக்காவிட்டால் அதிலும் கொஞ்சம் திரும்பி வரும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்க்கவைத்தார்கள். அவர் கேட்ட ஒரு கேள்வி பிரசங்கத்தைவிட என்னைத் தொட்டது. "சாப்பாடு போயிட்டா, கஷ்டம் வரும்போது எதைப் பிடிச்சுக்குவீங்க?" என்றார். இந்த ஆபரேஷனுக்குப்பின் சிலர் குடிக்கு அடிமையாகிறார்கள் என்றும், மது அந்தச் சரீரத்தில் வேகமாய் ஏறும் என்றும் எச்சரித்தார். கத்தி இரைப்பையைச் சிறிதாக்கும். உள்ளத்தின் வெறுமையை அது தொடாது. அந்த இடத்தில் கர்த்தர் உட்காராவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நல்ல உறுப்பை வெட்டலாமா?

என் அண்ணன் கேட்டது இது. "அப்பா கால் அழுகிப்போச்சு, வெட்டினாங்க. உன் வயிறு நல்லாத்தானே இருக்கு? கடவுள் கொடுத்த நல்ல உறுப்பை ஏன் கெடுக்கணும்?"

இதுதான் என்னை அதிகநாள் தடுத்தது. கடைசியில் எனக்கு ஞாபகம் வந்தது, எங்கள் தெருவில் தன் மகனுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்த ஒரு தாய். அந்தச் சிறுநீரகம் நல்லதுதான். நல்லதாய் இருந்ததால்தானே கொடுக்க முடிந்தது! அவளைச் சரீரத்தைக் கெடுத்தவள் என்று யாராவது சொல்லுவோமா? ஆக, நல்ல உறுப்பில் கத்தி படுவது தன்னிலே பாவம் இல்லை. எதற்காகப் படுகிறது என்பதே கேள்வி. அப்பாவின் காலும் ஒரு காலத்தில் நல்ல கால்தான். அழுகுமட்டும் காத்திருந்து வெட்டினோம். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவன் கண் கலங்கிவிட்டான். "சரி, உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னான். ஒப்புக்கொண்டானா என்று எனக்கு இன்னும் தெரியாது.

உயிரைப் பணயம் வைக்கலாமா?

என் கணவரின் தம்பி ஒரு பேப்பர் கட்டிங்கைக் கொண்டுவந்தார். 2024-ல் சென்னையில் எடை குறைக்கிற ஆபரேஷனுக்குப் போன ஒரு வாலிபர் இறந்துபோன செய்தி. "அண்ணி, இதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதை வாசித்த என் மகள், 12 வயது, அன்றுமுதல் இரண்டு வாரம் என் பக்கத்திலேயே படுத்தாள்.

டாக்டரிடம் நேராய்க் கேட்டேன். அனுபவமுள்ள இடங்களில் முதல் மாதத்தில் மரணம் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது என்றார். தையல் போட்ட இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது, இவை வரக்கூடும் என்றும் மறைக்காமல் சொன்னார். ஆயிரத்தில் ஒன்று சின்னக் கணக்குதான். ஆனால் அந்த ஒன்று ஒரு வீட்டின் தாயாய் இருந்தால், அந்த வீட்டுக்கு அது முழுக்கணக்கு.

ஸ்வீடன் தேசத்தில் 1987 முதல் ஆட்களைச் சேர்த்து நடத்திய ஒரு பெரிய ஆய்வைப்பற்றியும் சொன்னார். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 2,010 பேர், செய்யாமல் வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்கள் 2,037 பேர். சராசரி பதினோரு வருஷம் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். முதல் கூட்டத்தில் 101 பேரும் இரண்டாம் கூட்டத்தில் 129 பேரும் மரித்திருந்தார்கள். வித்தியாசம் உண்டு. ஆனாலும் ஆபரேஷன் செய்தால் சாவு வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆயுசின் நாட்கள் கர்த்தருடைய கரத்தில்தான்.

நானும் கணவரும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். "நீ போயிட்டா நான் இந்தப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு என்ன செய்வேன்?" என்றார். "ஏங்க, இப்படியே இருந்தாலும் போய்க்கிட்டுத்தானே இருக்கேன், மெதுவா?" என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. விடியற்காலம் எழுந்து, "சரி. ரெண்டுபேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம்" என்றார். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு தீர்மானம்தான், அதற்கும் ஆபத்து உண்டு என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தோம். சமாதானமாய் இருக்கிற வீட்டில் மெதுவாய் வருகிற மரணம் நமக்குத் தெரிவதில்லை.

என் நோக்கம் சுத்தமா?

இதையும் அறிக்கை செய்கிறேன். அழகாய்த் தெரியவேண்டும் என்ற ஆசை எனக்குள் இல்லை என்றால் பொய். என் தங்கை மகள் கல்யாண ஆல்பத்தில் என்னைப் பார்த்து நானே பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். அது ஒன்றுதான் காரணம் என்றால் நான் போகமாட்டேன். ஆயிரத்தில் ஒரு மரணத்தை ஒரு போட்டோவுக்காக விலைக்கு வாங்கக்கூடாது. என் கால் மிஞ்சவேண்டும், என் கண் மிஞ்சவேண்டும், என் பிள்ளைகளுக்குத் தாய் மிஞ்சவேண்டும் என்பது பெரிய காரணம். ஆசை கொஞ்சம் கலந்திருக்கிறது. சுத்தமான நோக்கம் வருமட்டும் காத்திருந்தால் நாம் ஒரு நல்ல காரியமும் செய்யமாட்டோம். கலந்திருப்பதை அறிக்கை செய்துவிட்டுப் போகிறேன்.

பணம் இன்னொரு போராட்டம். எங்களுக்குச் சொன்ன தொகை மூன்றரை லட்சம். மகனுக்குக் கல்லூரிக்கு வைத்த பணம் அது. நம் நாட்டு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதிப்படி, பி.எம்.ஐ. 40-க்கு மேலோ, கடுமையான துணை வியாதிகளோடு 35-க்கு மேலோ இருந்து, மற்ற வழிகள் பலிக்கவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் இந்த ஆபரேஷனை வெறும் அழகுக்காரியம் என்று ஒதுக்கக்கூடாது. கணவர் ஆபீஸ் பாலிசியில் பெரும்பங்கு கிடைத்தது. மீதிக்கு என் வளையல்.

ஆயத்தம்

மூன்று மாதமாய் ஆயத்தம் நடக்கிறது. இரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஈ.சி.ஜி., எக்கோ, வயிற்று ஸ்கேன், வாய்வழியாய்க் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது, எல்லாம் ஆயிற்று. இரைப்பையில் ஒரு கிருமி இருந்தது. இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டேன். மூன்று உருண்டை உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, மூச்சை இழுத்து உருண்டைகளை எழுப்பச் சொன்னார்கள். நுரையீரலுக்குப் பயிற்சி. முதல் நாள் ஒரு உருண்டை, இப்போது மூன்றும் எழும்புகிறது. ஒரு சர்க்கரை மாத்திரையை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டும் என்று தேதி குறித்துக் காலண்டரில் ஒட்டியிருக்கிறேன்.

ஐந்து நாளாய்த் திரவ ஆகாரம். புரதப் பவுடர், மோர், தெளிந்த சூப், அவ்வளவுதான். கொழுப்புப் பிடித்த கல்லீரல் இரைப்பையின்மேல் கவிழ்ந்துகிடக்குமாம். இரண்டு வாரம் இப்படி இருந்தால் அது சுருங்கி, தூக்கிப் பிடித்து வேலைசெய்ய டாக்டருக்கு இடம் கிடைக்கும். போன ஞாயிறு பக்கத்து வீட்டில் கறி வறுக்கிற வாசனை வந்தது. மாடிக்குப் போய் உட்கார்ந்து பாட்டுப் பாடினேன். உபவாசத்தில் இல்லாத ஒரு காரியம் இதில் இருக்கிறது. உபவாசம் முடிந்தவுடன் என்ன சாப்பிடலாம் என்று எண்ணிக்கொண்டே உபவாசித்த நாட்கள் எனக்கு உண்டு. இது முடிந்தபின் அந்தச் சாப்பாடு இல்லை. இச்சையோடு நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி உபவாசம் எப்படி என்று பாஸ்டர் அம்மா கேட்டார்கள். தண்ணீர் இல்லாத உபவாசம் எனக்குக் கூடாது, சரீரம் வற்றிவிடும். பேச்சில், செல்போனில், வேறு காரியத்தில் உபவாசிக்கிறேன் என்றேன். "அதுதான் சிஸ்டர் எங்களுக்கும் கஷ்டம்" என்று சிரித்தார்கள்.

சரீர ஆயத்தத்தோடு வீட்டு ஆயத்தமும் செய்தேன். நாலு வருஷமாய்ப் பேசாத நாத்தனாருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். பாஸ்புக், இன்சூரன்ஸ் காகிதம், மகளின் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக் கணவரிடம் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். நான் திரும்பி வந்து அவற்றைக் கிழித்துப்போட வேண்டும் என்பது என் ஜெபம்.

உங்களிடம் சில விண்ணப்பங்கள்

கத்தியா, கர்த்தரா என்று கேட்டுத்தான் ஆரம்பித்தேன். ஒரு வருஷம் போராடினபின், அந்தக் கேள்வியே பிசகு என்று கண்டுகொண்டேன். கத்தி ஒரு மனுஷன் கையில் இருக்கிறது. அந்த மனுஷனும் நானும் கர்த்தர் கையில் இருக்கிறோம். ஆகையால்:

நான் திரும்பி வந்தபின் அன்பின் விருந்தில், "இன்னும் ஒரு கரண்டி, ஒண்ணும் ஆகாது" என்று அன்பினால் வற்புறுத்தாதிருங்கள். அந்த ஒரு கரண்டி எனக்கு உண்மையிலேயே ஆகாது.

நான் மெலிந்தால், பக்கத்தில் உட்காருகிற கனத்த சகோதரியிடம் போய், "நீங்களும் அவங்களைப்போல பண்ணிக்கோங்க" என்று சொல்லாதிருங்கள். அது அவர்களும் டாக்டரும் கர்த்தரும் பேசவேண்டிய காரியம். எல்லாருக்கும் இது ஏற்றதும் அல்ல.

ஒருவேளை நான் திரும்பி வராவிட்டால், "விசுவாசம் இல்லாமல் போனாள், போய்விட்டாள்" என்று என் பிள்ளைகள் காதில் விழ யாரும் பேசாதிருங்கள். ஜெபித்துத்தான் போகிறேன்.

வாசலில் என் கையைப் பிடித்துக் கேட்ட அந்தச் சகோதரியிடம்: கல் இல்லை சிஸ்டர், மன்னித்துக்கொள்ளுங்கள். இனிமேல் உண்மையைச் சொல்லி ஜெபம் கேட்கிறேன்.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. காலை ஏழரை மணிக்கு உள்ளே கொண்டுபோவார்களாம். அந்த நேரம் நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும் ஒரு நிமிஷம் எனக்காகவும், கத்தி பிடிக்கிற அந்த டாக்டரின் கைக்காகவும் ஜெபியுங்கள். கர்த்தருக்குச் சித்தமானால், அடுத்த வருஷத்துக்குள் உங்களோடு தரையில் முழங்காற்படியிட்டு அவரைத் துதிக்க ஆசையாயிருக்கிறேன்.

கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.

உங்கள் ஜெபங்களை வாஞ்சிக்கும்,
சபையின் ஒரு சகோதரி